சக்கரத்தின் பின்பக்கம்

டயர் வெடித்து விபத்து என்று யார் போன் செய்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "டயர் எங்கே இருக்கிறது?" என்பதுதான். அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்பது இரண்டாவது கேள்வி. கேட்கிறவர்களுக்கு ஈரமில்லாத ஆள் என்று தோன்றும். ஆனால் அடிபட்டவரைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரி இருக்கிறது. டயரோ வண்டியை இழுத்துச் சென்றவரின் யார்டில் கிடக்கும். அங்கே நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கும். பத்துப் பதினைந்து நாளில் பழைய இரும்போடு சேர்ந்து போய்விடும். டயர் போனால் வழக்கும் போயிற்று.

2017 ஜூலையில் அந்த அம்மா போன் செய்தபோதும் அதையே கேட்டேன்.

"நாலும் என்னிடம்தான் இருக்கிறது."

"நாலுமா?"

"வெடித்தது ஒன்று, வெடிக்காதது மூன்று. வீலோடு கழற்றித் தரச் சொல்லி வாங்கிவிட்டேன். ரோட்டில் கிடந்த துண்டுகளையும் பொறுக்கி ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்."

முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவர். எதையும் குறித்துக்கொள்ளாமல், எடுத்து வைக்காமல் விடுகிற ஆள் இல்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கணவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் வீட்டை விற்றுவிட்டு, ஒரு ட்ரெய்லர் வாங்கி, அதிலேயே குடியிருந்தார்கள். அமெரிக்காவில் இப்படி வருடம் முழுவதும் சக்கரத்தின் மேல் வாழ்கிறவர்கள் நிறைய. டெக்சாசில் லிவிங்ஸ்டன் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. எஸ்கேப்பீஸ் என்ற ட்ரெய்லர்வாசிகள் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான். சங்கமே உறுப்பினர்களுக்கு அஞ்சல் முகவரி கொடுத்து, வருகிற கடிதங்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த முகவரியில்தான். என் கட்சிக்காரர்கள் இருவருக்கும் சட்டப்படி ஊர் லிவிங்ஸ்டன். அங்கே அவர்கள் மொத்தமாகத் தங்கியது ஒன்பது நாள்.

நான் நாமக்கல்காரன். என் அப்பா அங்கே டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்குப் போய், தேய்ந்த டயரின் முதுகைச் சுரண்டுகிற வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெந்த ரப்பர் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. ஹூஸ்டனில் வக்கீலாகி வாகன விபத்து வழக்குகளை எடுக்க ஆரம்பித்ததற்கு அது காரணமல்ல. ஆனால் டயர் விஷயத்தில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்புக்கு அதுதான் காரணம். அந்த நினைப்பு இந்த வழக்கில் என்னை ஆறு மாதம் தப்பான பாதையில் ஓட்டியது.

அவர்களுடையது ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர். ஐந்தாவது சக்கரம் என்றதும் ஸ்டெப்னி என்று நினைத்துவிடக் கூடாது. பழைய குதிரை வண்டியில் முன் அச்சுக்கு மேலே படுக்கைவசமாக ஒரு வட்டம் இருக்கும். வண்டி திரும்புவதே அதன் மேல்தான். தரையில் நாலு சக்கரம், படுத்திருப்பது ஐந்தாவது. பெயர் அங்கிருந்து வந்தது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் நிற்கும் நீள ட்ரெய்லர் லாரிகளில் எஞ்சின் வண்டியின் முதுகில் கறுப்பாகக் கிரீஸ் பூசிய ஒரு தட்டு தெரியுமே, அதே சங்கதிதான். இங்கே பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்குள் அந்தத் தட்டைப் பொருத்தி, படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ள ஒரு வீட்டை அதில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு டிரக்கின் மேல் இறங்கும். மற்றதெல்லாம் ட்ரெய்லரின் இரண்டு அச்சுகளில், நாலே நாலு டயர்களில்.

இவர்களுடைய ட்ரெய்லரில் ஒவ்வோர் அச்சும் 6,000 பவுண்டு தாங்கும். கம்பெனியிலிருந்து வந்த டயர்கள் 16 அங்குலம், சுமை வகை ஈ. காற்று 80 அடித்தால் ஒவ்வொன்றும் 3,420 பவுண்டு தாங்கும். ஒரு டயருக்கு அச்சுக் கணக்கில் வருவது 3,000. கூடுதலாக இருப்பது 420 பவுண்டு. காகிதத்தில் இது போதும். வெயில் காலத்தில், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் உட்கார்ந்திருக்கும் வண்டியில் போதுமா என்பது வேறு விஷயம். முந்தைய வருடம் அவர்களுக்கு ஒரு டயர் வெடித்துச் சக்கரத்துக்கு மேலிருந்த தகரத்தையும் ஒரு குழாயையும் பிய்த்துப் போட்டிருந்தது. ட்ரெய்லர் முகாமில் மாலை நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஆண்கள் பேசுவது பாதி டயரைப் பற்றித்தான். "ஈ டயரைத் தூக்கிப் போடு, ஜி போடு" என்றார்கள். ஜி என்றால் 14 பிளை. காற்று 110 அடிக்கலாம். ஒரு டயரே 4,000 பவுண்டுக்கு மேல் சுமக்கும். தபால்காரர் 2017 மே மாதம் ஒரு கடைக்குப் போய் நாலையும் ஜி வகையாக மாற்றினார். யோசனை தப்பே இல்லை. என்னிடம் யார் கேட்டிருந்தாலும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜூலையில் ஒரு நாள் பிற்பகல் ஐ-10 நெடுஞ்சாலையில், மேற்கு டெக்சாசில், ஓசோனாவைத் தாண்டி ஃபோர்ட் ஸ்டாக்டன் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் வேக வரம்பே 80 மைல். இவர் 72-ல் போனார். வலது பின் டயர் வெடித்தது. டிரக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு ட்ரெய்லர் டயர் காற்று இழப்பது தெரியாது. ஸ்டியரிங்கில் ஒரு அசைவும் வராது. பிய்ந்த ரப்பர் அடித்தளத்தைச் சவுக்கு மாதிரி அடித்தது, ட்ரெய்லர் ஆடியது, இழுத்து நேராக்கப் பார்த்தார், நடுப்பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்தது, டிரக்கும் கூடவே சாய்ந்தது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு மூன்று இடத்தில் முறிவு. அந்த அம்மாவுக்குச் சிராய்ப்போடு போயிற்று. வீடு போயிற்று.

டயர் இறக்குமதிச் சரக்கு. பார்த்ததுமே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத டயர், தயாரித்த வாரமும் வருடமும் பக்கவாட்டில் நாலு இலக்கமாகப் பதிந்திருக்கிறது, அதுவும் புதிது. சுமை சரி. எடைமேடைச் சீட்டு இருக்கிறது, இரண்டு அச்சும் சேர்ந்து 11,400 பவுண்டு, 12,000-க்குக் கீழே. டயரில் பொறித்த வேகக் குறி எல், அதாவது 75 மைல் வரை ஓடலாம். இத்தனையும் சரியாக இருந்தும் முதுகு உரிந்து வெடித்தது என்றால் ரப்பர் சரியாக வேகவில்லை, பெல்ட் ஒட்டவில்லை. அப்பா பட்டறையில் எத்தனை பார்த்திருக்கிறேன். 2000-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்ற கதை தெரியாத விபத்து வக்கீல் இங்கே கிடையாது. நான் அந்த டயரை இறக்குமதி செய்தவர்களுக்கு ஒரு காரமான நோட்டீஸ் அனுப்பினேன். மனுவையும் எழுதி முடித்துவிட்டு, சடங்குக்கு ஒரு நிபுணரின் கையெழுத்து வேண்டும் என்று ஓஹையோ மாநிலம் ஆக்ரனுக்கு நாலு டயரையும் அனுப்பினேன். ஆக்ரன் அமெரிக்காவின் ரப்பர் நகரம். நிபுணர் அங்கே ஒரு டயர் கம்பெனியில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். அதிகம் பேசாதவர்.

அவர் போன் செய்ததும் கேட்டது, "வீலின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"டயரில் ஒரு கோளாறும் இல்லை. நல்ல டயர். காற்றில்லாமல் ஓடியிருக்கிறது. பக்கச் சுவரில் சுற்றிலும் மடிந்த தடம் இருக்கிறது, உள்ளே ரப்பர் வெந்து பொடியாகியிருக்கிறது. நீங்கள் வீலைத் திருப்பிப் பாருங்கள். வால்வையும் பாருங்கள்."

என் ஆபீஸ் மேசையில் அவர் அனுப்பிய படங்களைப் பரப்பினேன். அலுமினிய வீல், முன்பக்கம் பளபளவென்று. பின்பக்கம், அச்சோடு ஒட்டி உட்காருகிற பக்கம், அழுக்குக்கு நடுவே வார்ப்பிலேயே எழுதியிருக்கிறது: அதிகபட்ச சுமை 3,200 பவுண்டு, அதிகபட்ச காற்று 80. அடித்திருந்தது 110. வால்வு அதைவிடக் கேவலம். பழைய டயரோடு வந்தவை 80-ஐத் தாங்கும் தடித்த வால்வுகள். கடைக்காரர்கள் அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டியவை சாதாரணக் கார் வால்வு, துளையில் இழுத்துச் செருகுகிற ரப்பர் ரகம். அதன் தாங்கு எல்லை 65. 110 அடிக்க வேண்டுமென்றால் நட்டு போட்டு இறுக்குகிற உலோக வால்வுதான் போட வேண்டும். வெடித்த வீலில் அந்த ரப்பர் வால்வு அடியில் பிளந்து பாதிதான் மிச்சம் இருந்தது. மற்ற மூன்றில் இரண்டிலும் அடியில் வெடிப்பு ஓட ஆரம்பித்திருந்தது.

சுமக்கிற டயரை மாற்றினார்கள். டயரைப் பிடித்திருக்கிற வீலையும் காற்றைப் பிடித்திருக்கிற வால்வையும் யாரும் நினைக்கவில்லை, நானும் சேர்த்து. எழுதி வைத்த மனுவைக் கிழித்தேன். இறக்குமதிக்காரர்களை விட்டுவிட்டு, டயர் மாற்றிய கடையின் மேல் வழக்குப் போட்டேன்.

டெக்சாசில் இதற்கு ஒரு நல்ல தீர்ப்பு கைவசம் இருக்கிறது. 1987-ல் மாநில உச்ச நீதிமன்றம் மெலடி ஹோம் வழக்கில், ஒரு பொருளைப் பழுது பார்க்கவோ மாற்றி அமைக்கவோ காசு வாங்குகிறவர், அதை நல்ல வேலைக்காரன் செய்கிற மாதிரி செய்து தருவதாக வாக்குக் கொடுத்ததாகவே அர்த்தம் என்றது. ரசீதில் எழுத வேண்டியதில்லை, வாயால் சொல்லவும் வேண்டியதில்லை. அந்த வழக்கும் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து இறக்கிய ஒரு வீட்டைப் பற்றியது.

கடைத்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். அவருடைய வாதங்கள் மூன்று. ட்ரெய்லரின் இடது முன்பக்கம் சட்டப்படி ஒட்டியிருக்கும் சீட்டில் டயர் அளவும் காற்று 80 என்பதும் தெளிவாக இருக்கிறது. அதை மீறி மாற்றச் சொன்னது வண்டிக்காரர். இரண்டாவது, வீல் உடையவே இல்லை. உடையாத வீலின் எண்ணைக் காட்டி என்ன பயன்? மூன்றாவது, டயரே மோசம் என்று இறக்குமதிக்காரரை, வழக்கில் இல்லாவிட்டாலும், பொறுப்புள்ள மூன்றாம் தரப்பாகக் காட்டினார். இங்கே சட்டம் அதை அனுமதிக்கிறது. அதற்கு ஆதாரமாக அவர் நீட்டியது என்ன தெரியுமா? நான் எழுதிய காரமான நோட்டீஸ். "எதிர்த்தரப்பு வக்கீலே இதைத்தான் நம்பினார்" என்றார். நீதிபதி அதை ஜூரிக்குக் காட்ட அனுமதிக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை அந்த வக்கீல் உரக்கப் படித்த நாலு நிமிடமும் என் காது மடல் சுட்டது.

கடையில் வேலை செய்த பையனிடம் வாக்குமூலம் எடுத்தோம். இங்கே விசாரணைக்கு முன்பே, நீதிபதி இல்லாமல், ஒரு அறையில் உட்கார்ந்து சத்தியம் வாங்கிக் கேட்கும் முறை உண்டு. டெபொசிஷன் என்பார்கள். வழக்குகள் பாதி அந்த அறையிலேயே முடிந்துவிடும். பையனுக்கு இருபத்திரண்டு வயது. அப்போது கடையை விட்டு வேறு வேலைக்குப் போயிருந்தான். வீலை மேசை மேல் வைத்தேன்.

"நீ 110 காற்று அடித்தாயா?"

"ஆமாம் சார்."

"ஏன் 110?"

"டயரில் அப்படித்தான் போட்டிருக்கிறது."

"இதைத் திருப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று படி."

படித்தான். சத்தம் குறைந்துபோயிற்று.

"கழற்றியபோது இதைப் பார்க்கவில்லையா?"

"மெஷினில் படுக்க வைத்தால் பின்பக்கம் கீழே போய்விடும் சார்."

"மெஷினில் ஏற்றும் முன்னால்?"

"பார்த்திருக்கலாம்."

"வால்வு?"

"டிராயரில் இருந்ததை எடுத்துப் போட்டேன். உலோக வால்வு தீர்ந்துபோயிருந்தது."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா பட்டறையில் அவனைப் போல நாலு பேர் இருந்தார்கள். யாரும் எதையும் சொல்லிக்கொடுக்காமல் டிராயரில் இருப்பதை எடுத்துப் போடப் பழக்கிவிட்டு, வம்பு வரும்போது அவன்தான் செய்தான் என்று காட்டுகிற முதலாளியும் அங்கேயே இருந்தார். அவர் என் அப்பாதான். ஆனால் வழக்கு எங்கே நிற்கப் போகிறது என்பது அந்த அறையில் எனக்குத் தெரிந்தது. மாட்டியிருக்கும் வீலின் பின்பக்கம் வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. கழற்றினால்தான் தெரியும். கழற்றியது ஒரே ஒருவன். அந்த அரை மணி நேரம் அந்த எண்ணைப் படிக்கக்கூடிய இடத்தில் இருந்தது அந்தக் கடை மட்டும்தான். வீல் உடைந்ததா இல்லையா என்பது விஷயமே இல்லை. எண்ணைப் படித்திருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும். வேலை நின்றிருந்தால் 110 இல்லை, அந்த வால்வும் இல்லை.

இப்படி நான் கொஞ்சம் தெம்பாக இருந்தபோதுதான் அந்த அம்மா நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். எதிர்த்தரப்பு கேட்ட ஆவணங்களுக்குத் தேடியபோது அகப்பட்டதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போல கோடு போட்ட நோட்டு. தினமும் காலையில் வண்டி கிளம்பும் முன் நாலு டயரிலும் காற்று அளந்து, ஜுரம் குறிக்கிற மாதிரி நாலு கட்டத்தில் எழுதியிருக்கிறார். முதல் பக்கத்தில், டயர் மாற்றிய அன்று, ஒரு வரி: வீலையும் மாற்ற வேண்டுமா என்று இவர் கேட்டார், தேவையில்லை, இதுவே போதும் என்கிறார்கள், நல்லவேளை, செலவு மிச்சம். படித்ததும் துள்ளிக் குதித்தேன். கவுன்டரில் இருந்தவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணியிருந்தார்.

பிறகு கடைசிப் பக்கம். வலது பின் டயர்: ஜூலை முதல் வாரம் வரை 110, 109, 110. பிறகு ஒரு நாள் 104. அடுத்த நாள் 101. விபத்து நடந்த அன்று காலை 96. மூன்று நாளும் பக்கத்தில் ஒரு குறிப்பு: அடித்து 110 ஆக்கினோம்.

டெக்சாஸ் சட்டத்தில் ஜூரி ஒவ்வொருவர் பொறுப்பையும் நூற்றுக்கு இத்தனை என்று பிரிப்பார்கள். வழக்குப் போட்டவர் பங்கு 50-ஐத் தாண்டிவிட்டால் ஒரு டாலர்கூடக் கிடையாது. 50 வரை இருந்தால் அந்த அளவுக்கு வெட்டிக்கொண்டு மீதி. மூன்று நாள் காற்று இறங்குவது தெரிந்தும் அதே டயரில் 72 மைல் வேகத்தில் போனார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டினால் என்ன ஆகும்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வக்கீல் வெற்றியில் பங்கு கேட்கக் கூடாது. இங்கே இந்த மாதிரி வழக்கில் ஜெயித்தால்தான் பணம். அதுவரை நிபுணர் கட்டணம் முதல் எல்லாச் செலவும் வக்கீல் கையிலிருந்து. அதற்குள் என் கையிலிருந்து நல்ல தொகை போயிருந்தது.

முதல் பக்கம் எனக்கு வேண்டும். கடைசிப் பக்கம் வேண்டாம். அந்த ராத்திரி நோட்டை மேசையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது இதைத்தான், அழகுபடுத்திச் சொல்ல ஒன்றுமில்லை.

விபத்துக்குச் சில மாதம் முன்புதான், 2017 ஏப்ரல் 18-ல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் குட்இயர் எதிர் ஹேகர் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது. டயர் வழக்கு நடத்துகிற எல்லாரும் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்த வழக்கு. 2003-ல் ஹேகர் குடும்பத்தின் மோட்டார் வீடு நியூ மெக்சிகோவில் ரோட்டை விட்டு விலகிக் கவிழ்ந்தது. டயர் ஜி159. அந்த டயர் நெடுஞ்சாலை வேகத்தில் அதிகமாகச் சூடாகிறது என்பது அவர்கள் தரப்பு. சோதனை முடிவுகளைக் கொடு, கொடு என்று வருடக்கணக்காகக் கேட்டார்கள். கம்பெனி இழுத்தடித்தது. 2010-ல் சமரசமாகி வழக்கு முடிந்தது. அதன் பிறகு ஹேகர் தரப்பு வக்கீல் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார், அதே டயர் பற்றிய வேறொரு வழக்கில் அந்தச் சூட்டுச் சோதனை முடிவுகளைக் கம்பெனி கொடுத்திருக்கிறது என்று. மறைத்ததற்காகக் கீழ்க் கோர்ட் 27 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எலனா கேகன் எட்டுப் பேருக்கும் சேர்த்து எழுதிய தீர்ப்பு, மறைத்ததால் ஏற்பட்ட செலவை மட்டும்தான் வசூலிக்கலாம் என்று தொகையைத் திருப்பிக் கணக்குப் போடச் சொன்னது. மறைத்தது சரி என்று யாரும் சொல்லவில்லை. 2022-ல் அந்த டயர்களில் 1,73,000-க்கும் மேற்பட்டவற்றைக் கம்பெனி திரும்பப் பெற்றது. விபத்து நடந்து பத்தொன்பது வருடம் கழித்து.

அந்தத் தீர்ப்பைப் பற்றி நானே வக்கீல்கள் கூட்டம் ஒன்றில் பேசியிருந்தேன். கம்பெனி வக்கீல்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். கைதட்டல்கூட வாங்கினேன். மறுநாள் காலை நோட்டை முழுவதும் நகலெடுத்து, முதல் அட்டை முதல் கடைசி அட்டை வரை, எதிர்த்தரப்புக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டுச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

எதிர்பார்த்தபடியே அந்த அம்மாவின் வாக்குமூலம் நாலரை மணி நேரம் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கடைசிப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தார்.

"104, 101, 96. மூன்று நாள் இறங்கியிருக்கிறது. நீங்கள் காற்றை அடித்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். வேறு ஒன்றும் செய்யவில்லை."

"செய்தேனே. கடைக்குப் போன் பண்ணினேன்."

அறையில் இருந்த இரண்டு வக்கீலுக்கும் இது புதுச் செய்தி. என் முகத்தில் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன் என்று நம்புகிறேன்.

"என்ன சொன்னார்கள்?"

"புது டயர், ரிம்மில் சரியாக உட்காரக் கொஞ்ச நாள் ஆகும், காற்று அடித்துக்கொண்டே போங்கள் என்றார்கள்."

வெளியே வந்ததும், "இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். என் பெயரை முழுதாகச் சொல்ல வராமல் முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார். அப்படிக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்கள் கேட்கவே இல்லையே." உண்மைதான். டயரைப் பற்றி இருநூறு கேள்வி கேட்டிருக்கிறேன். யாரிடமாவது பேசினீர்களா என்று ஒரு தடவை கேட்கவில்லை. போன் கம்பெனியிலிருந்து பதிவை வரவழைத்தோம். விபத்துக்கு முந்தைய நாள் காலை 8.41-க்கு அந்தக் கடை எண்ணுக்கு ஓர் அழைப்பு. நாலு நிமிடம்.

விசாரணை 2019-ல், கடை இருந்த கவுண்டியின் மாவட்ட நீதிமன்றத்தில், ஐந்து நாள். நம் ஊரில் ஜூரி முறை ஒழிந்து இரண்டு தலைமுறை ஆயிற்று. இங்கே டயர் வெடித்ததற்குக்கூடப் பன்னிரண்டு பேர் உட்காருகிறார்கள். அதில் ஒருவர் எண்ணெய்க் கிணற்று லாரி ஓட்டுகிறவர். எதிர்த்தரப்பு ஏன் அவரை விட்டுவைத்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நிபுணர் வீலை ஜூரியிடம் கொடுத்தபோது மற்றவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் தள்ளினார்கள். லாரிக்காரர் வாங்கியதும் திருப்பினார். எழுத்தின் மேல் கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் படித்தார்.

எதிர்த்தரப்பு கேட்டதில் ஒரு கேள்வி நியாயமானது என்று இன்றும் நினைக்கிறேன். காரில் காற்று குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். 2000-ல் வந்த ட்ரெட் சட்டத்தின் விளைவு அது. 2007-க்குப் பிறகு விற்கிற எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். ட்ரெய்லருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ள முடியும். ஒரு டயர் விலையைவிடப் பெரிய செலவில்லை. "காலை நேரத்தில் மட்டும் அளந்தால் போதும் என்று எப்படி நினைத்தீர்கள்? உங்களிடம் ஸ்டெப்னி இருந்தது, அதை ஏன் மாட்டவில்லை?" என்று தபால்காரரிடம் கேட்டார். அவர் கட்டுப் போட்டிருந்த காலத்தை மறக்காத தோளைத் தடவிக்கொண்டு, "மாட்டியிருக்க வேண்டும்," என்றார். அவ்வளவுதான். நான் எழுந்து மறுகேள்வி எதுவும் கேட்கவில்லை. அந்தப் பதிலை எந்தக் கேள்வியும் நல்லதாக்க முடியாது.

ஜூரி ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. பன்னிரண்டில் பத்துப் பேர் ஒத்துப்போனால் இங்கே உரிமையியல் வழக்கில் போதும். எங்களுக்குச் சரியாகப் பத்துப் பேர்தான். கடைக்கு 70. தபால்காரருக்கு 30. இறக்குமதிக்காரருக்குச் சுழி. அந்த அம்மாவுக்கும் சுழி. தோள் அறுவைச் சிகிச்சை, போன வீடு, வலி எல்லாம் சேர்த்துப் போட்ட தொகையில் கணவர் கணக்கில் 30 விழுக்காடு வெட்டு. கடையின் காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்யவில்லை. ஏழு வாரத்தில் காசோலை வந்தது.

காசோலையில் கையெழுத்துப் போட இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள். கோர்ட்டிலிருந்து திரும்பி வந்த நோட்டை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். சாட்சி ஆவணம் 14 என்ற மஞ்சள் சீட்டு அட்டையில் ஒட்டியபடியே இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, கணவர் லிஃப்ட் பக்கம் போகும்வரை நின்றுவிட்டு, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "காற்று அளந்தது நான். அடித்தது நான். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று சொன்னதும் நான். அவருக்கு 30 போட்டுவிட்டு எனக்கு ஏன் சுழி போட்டார்கள்?"